நமக்காகத் திறந்து வைத்த கூண்டு

அடுத்த வாரத்திலிருந்து நான் ஏசி ரிப்பேருக்கு வீடு வீடாகப் போகப் போவதில்லை. வேலூரில் பயிற்சி மையத்தில் வேலை. மொட்டை மாடி ஏற வேண்டாம், ஹெல்மெட்டுக்குள் வேக வேண்டாம். என் டூல் பை யாருக்கு என்று நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களில் யாரிடம் கிளாம்ப் மீட்டர் இல்லையோ அவர் எடுத்துக்கொள்ளலாம். போகிறவள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் சொன்னார். வேலை எப்படிச் செய்வது என்று எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால் ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறேன்.

"கூலிங் கம்மியா இருக்கு" என்ற புகாருக்கு நான் பார்க்கும் வரிசை உங்களுக்குத் தெரியும். முதலில் ஃபில்டர். பிறகு உள் காயில், ப்ளோயர். ஏசி இழுக்கும் காற்றுக்கும் விடும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது அடுத்தது. அதற்குப் பிறகு மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட்: தூசி, விசிறி, வோல்டேஜ், கரண்ட். கேஸ் கடைசியில். வரிசை மாறினால் எனக்குக் கை ஓடாது, இதற்காக என்னைக் கிண்டல் செய்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அந்த வீட்டில் இந்த வரிசையில் ஒன்றுகூடத் தப்பாக இல்லை. ஆனாலும் அறை குளிரவில்லை.

கிரிவலப் பாதைக்கு உள்பக்கம், மலையை ஒட்டிய தெரு. கீழே தகரப் பட்டறை, மேலே வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. பட்டறையும் வீடும் காதர் பாயுடையவை. தண்ணீர்த் தொட்டி மூடி, தானியக் குதிர், கடைக்கு ஷட்டர் என்று தகரத்தில் எது வேண்டுமென்றாலும் அவரிடம் போவார்கள். அவருடைய ஒரே மகன் சலீம். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலை மூட்டை ஏற்றி வரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேன் கவிழ்ந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் இருக்கிறார்.

அப்படி அடிபட்டவர்களுக்கு வேர்க்காது என்பது அந்த வீட்டுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. நமக்குச் சூடானால் வேர்த்து ஆறிவிடுகிறது. அவருக்கு அறையின் சூடு அப்படியே உடம்பில் ஏறும். கத்திரி வெயில் தொடங்கியதும் ஒரு மதியம் ஏசி கைவிட்டதில் உடம்பு நெருப்பாகி, நினைவு தப்பி, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மறுபடி இப்படி ஆனால் தாங்காது, அறை எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு நம் சர்வீஸ் சென்டரிலிருந்து மூன்று பேர் வெவ்வேறு நாளில் போயிருந்தார்கள். மூவருமே நல்ல வேலைக்காரர்கள். மூவரும் எழுதியது ஒரே மாதிரி: சர்வீஸ் செய்தாச்சு, கூலிங் ஓகே. நடுவில் போனவர், வீட்டார் கேட்டுக்கொண்டதால் கொஞ்சம் கேஸும் ஏற்றியிருந்தார். நான்காவதாக நான் போனேன்.

கதவைத் திறந்தது சலீமின் மனைவி நசீமா. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த தபா லேடீஸ அனுப்பிட்டாங்களா? வாங்க. யார் வந்தாலும் இன்னா, நீங்க இருக்கிற வரைக்கும் அது நல்ல புள்ளையா ஓடும். படி இறங்கினீங்கன்னா மூச்ச விட்டுடும்."

"எப்ப நிக்குதுக்கா?"

"மத்தியானம். காத்து வரும், ஜில்லுனு வராது. இவருக்கு ஈரத்துணி போட்டுப் போட்டு என் கை ஊறிப் போச்சு. இன்னிக்கும் சரியாவலன்னா நாளைக்குக் காலைல எங்கண்ணன் வேங்கிக்கால்லருந்து ஆம்புலன்ஸ் எடுத்துட்டு வந்துடுவான். அவன் வீடு புது வீடு, கீழ் வீடு, ரெண்டு ஏசி."

கட்டிலிலிருந்து சலீம் குரல் கொடுத்தார். "நான் போவமாட்டேன் மேடம். அங்க வெள்ளச் செவுத்தப் பாத்துக்கினு கெடக்கணும். இங்கன்னா கீழ அத்தா சுத்தியல் சத்தமாவது கேக்கும். யாரு வர்றாங்க, இன்னா பேரம் பேசுறாங்க, எல்லாம் எனக்குத் தெரியும்."

"பேசாம இருங்க," என்றார் நசீமா.

"பேசறது ஒண்ணுதானே வேலை செய்யுது, அதயும் நிறுத்தணுமா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "எனக்கும் இந்த ஏசிக்கும் ஒரே வியாதி மேடம். உள்ள எல்லாம் ஓடுது. சூட்ட வெளிய தள்ளத்தான் முடியல."

நான் சிரித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றினேன். அப்போதே தண்ணீரில் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தது. காயில் சுத்தம். காற்றின் வித்தியாசம் பன்னிரண்டு டிகிரி, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. மாடிக்குப் போனேன்.

மாடியில் பட்டறைச் சாமான்கள். தகரத் தகடுகள் கைப்பிடிச் சுவரில் சாய்த்துக் கிடந்தன, பாதி செய்த குதிர் ஒன்று நின்றது. நடுவில் கம்பி வலைக் கூண்டு, அதற்குள் அவுட்டோர் யூனிட். இந்த ஊரில் வேலை செய்யப்போகிறீர்கள், கூண்டு உங்களுக்குப் புதிதாகத் தெரியக் கூடாது. மலைக் குரங்குகளுக்கு நாம் பைப்புக்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் என்றால் அப்படி ஒரு பிரியம். உரித்து, மென்று, துப்பிவிட்டுப் போகும்.

காதர் பாயும் கூட ஏறி வந்திருந்தார். "பௌர்ணமிக்கு வர்ற ஜனம் வாழப்பழத்த அள்ளிப் போட்டுட்டுப் போயிடுதும்மா. மறுநாள் யாரு போடுவா? இங்க வந்து என் பைப்ப உரிக்கும். ஒரு தபா ஒயரையே புடுங்கி மிஷினே நின்னுடுச்சு. அதான் கூண்டு."

கூண்டுக் கதவு திறந்திருந்தது. காயிலில் தூசி இல்லை, விசிறி சரியாகச் சுற்றியது, வோல்டேஜ் இருந்தது. கரண்ட் எனக்குப் பிடித்ததைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் வரம்புக்குள். யாரோ கேஸ் ஏற்றியிருக்கிறார்களே, அதனால் இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு முன்னால் வந்த மூவரும் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். நானும் இறங்கியிருப்பேன். ஆனால் ஒன்று தோன்றியது. கத்திரி வெயிலில் மாடி வேலை எல்லாவற்றையும் நாம் காலையிலேயே முடித்துவிடுகிறோம். பதினோரு மணிக்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது என்பதால் அது நம் பழக்கம். கோளாறோ மதியத்தில் வருகிறது. மூன்று பேருமே அதை நேரில் பார்க்கவில்லை. அப்படியென்றால் மதியம் வரை இருந்து பார்த்துவிடுவது.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"ஒரே வீட்ல உக்காந்துட்டியா? வெளிய இன்னும் நாலு கம்ப்ளைன்ட் கெடக்கு. அவங்க கேஸ் போடச் சொன்னா போட்டுட்டு ஆப்ல க்ளோஸ் பண்ணு."

"கேஸ் கம்மியா இல்ல சார்."

"போட்டா இன்னா, வெடிச்சிடுமா?"

"வெடிக்காது சார். சரியாவும் ஆவாது."

அவர் நல்லவர், திட்டிவிட்டு அந்த நாலு புகாரையும் வேறு ஆளுக்கு மாற்றிக்கொடுத்தார். நசீமா எனக்குச் சோறு போட்டார். மதியம் வந்தது. மாடியில் தரை அடுப்பாகக் கொதித்தது. நான் ஐந்தாறு முறை ஏறி இறங்கினேன். கம்ப்ரசர் நிற்கவில்லை. கரண்ட் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது. அறை ஜில்லென்று இருந்தது.

என் கணக்கு தப்பு. மதியத்தில் வரும் கோளாறு, மதியத்தில் பக்கத்திலேயே இருந்தும் வரவில்லை.

"நான் சொன்னேன்ல?" என்றார் நசீமா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீங்க இருக்கீங்க, அது ஓடுது." பிறகு உள்ளே போய் அண்ணனிடம் போனில், காலையில் வந்துவிடு என்று சொல்வது கேட்டது. சலீம் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குச் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வண்டியை ஸ்டார்ட் செய்தேன். மேலே மாடியிலிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்தது. டங், டங் என்று இரண்டு அடி, ஒரு இழுவை, மறுபடி ஒரு அடி. பட்டறை வீட்டில் தகரச் சத்தம் வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறை கீழே இருக்கிறது. அந்த வெயிலில் மேலே போய் யார் என்ன தட்டுகிறார்கள்?

வண்டியை அணைத்துவிட்டுத் திரும்ப ஏறினேன்.

காதர் பாய் கூண்டின் முன்னால் குந்தியிருந்தார். காலையில் சுவரில் சாய்ந்திருந்த தகடுகளில் ஒன்று இப்போது கூண்டின் முன்பக்கத்தில் இருந்தது. அது வெறும் தகடு இல்லை. விளிம்பு மடித்து, கொக்கி வைத்து, அளவாகச் செய்த மூடி. இரண்டு பக்கங்களுக்கும் அதே போலத் தகடுகள் ஏற்கெனவே ஏறியிருந்தன. அவர் கடைசிக் கொக்கியைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், இது இன்னா?"

"மூடிம்மா. வலை மட்டும் இருந்தா கைய உள்ள விட்டுப் புடுங்குது. அதான் மூணு பக்கமும் அடச்சுட்டேன். இப்ப ஒரு குஞ்சுக் குரங்கு வெரல்கூட உள்ள போவாது."

"காலைல இது இல்லையே?"

"நீங்க வரப்போறீங்கன்னு போன் வந்துச்சுல்ல? வேலை செய்யறவங்களுக்கு இடைஞ்சலா இருக்குமேன்னு கழட்டி வெச்சேன். ஒவ்வொரு தபாவும் கழட்டி வெப்பேன். ஃபில்டரயும் மருமக கழுவி வெச்சுடும். வீட்டுக்கு வர்றவங்களுக்கு அதுகூட செய்யலன்னா எப்படி?"

நாம் போகும்போதெல்லாம் அந்த வீடு நமக்காகத் தயாராகி நின்றிருக்கிறது. நாம் பார்த்தது நமக்காகத் திறந்து வைத்த கூண்டை. சலீம் படுத்திருந்தது மூடிய கூண்டோடு. சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்று காலையில் அவர் வேடிக்கைக்குச் சொன்னதுதான் மாடியில் நிஜமாக நடந்துகொண்டிருந்தது. விசிறி தள்ளும் சூடான காற்று தகரத்தில் முட்டித் திரும்பி, அதே காயிலுக்குள் மறுபடி போய்க்கொண்டிருந்தது. காலையில் எப்படியோ சமாளிக்கும். மதியத்தில் கம்ப்ரசர் கொதித்துத் தானாக நின்றுவிடும். ஆறியதும் மறுபடி ஓடும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: காற்று வருகிறது, குளிரவில்லை.

சந்தேகத்தோடு பேசக் கூடாது என்று கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். கம்ப்ரசர் நிற்கும்வரை காத்திருக்கவில்லை, கீழே இருப்பவரை வைத்துச் சோதனை செய்ய முடியாது. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குள் கரண்ட் வரம்பைத் தொட்டது. அதுவே எனக்குப் போதும்.

கோளாறு கிடைத்துவிட்டது. அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நீங்கள் எல்லோரும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பீர்கள், அதனால் நான் யோசித்ததை அப்படியே சொல்கிறேன். ஒன்று, மகனையும் மருமகளையும் வைத்துக்கொண்டு இதைச் சொல்லக் கூடாது. இரண்டு, மழுப்பவும் கூடாது. மழுப்பினால் மூடி மறுபடி ஏறிவிடும். மூன்று, மூடியை எடுக்கச் சொல்லிவிட்டு மட்டும் போனால் குரங்கு வரும், அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"பாய், கைய இங்க வைங்க," என்றேன். மூடிக்கும் கூண்டுக்கும் நடுவில் நூலளவு சந்து இருந்தது. கையை வைத்தார். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்து காய்ந்த கை. அதையே சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இந்தச் சூடு போறதுக்கு வழி வேணும் பாய். இல்லன்னா கீழ குளிராது."

அவர் மூடியைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மூடியை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நானே எம்புள்ளய வேக வெச்சிருக்கேன்."

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொன்னேன். "நாங்க நாலு பேர் வந்தோம் பாய். அதுக்குத்தான் சம்பளம் வாங்கறோம். மிஷின் எப்பவும் இப்படித்தான் திறந்து இருக்குமான்னு ஒருத்தரும் உங்கள கேக்கல. நானும் கேக்கல. உங்க சுத்தியல் சத்தம் கேக்கலன்னா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பேன்."

மூடியைத் தரையில் வைத்தார். "அப்ப குரங்குக்கு இன்னா பண்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். முன்னால் எதுவும் அடைக்கக் கூடாது. பின்னாலும் பக்கத்திலும் காற்று வர இடம் வேண்டும். மேலே நிழலுக்குக் கூரை இருக்கலாம், உயரத்தில் இருக்க வேண்டும். தனக்கு வேண்டியதை அவர் சொன்னார்: குரங்குக் கை எட்டக் கூடாது.

"குரங்கு கை எவ்ளோ நீளம் பாய் இருக்கும்?"

"ஜன்னல் வழியா விட்டு மேடை மேல இருந்த பிஸ்கட் பாக்கெட்ட எடுத்துச்சும்மா. அளந்து பாத்தே சொல்லலாம்."

இறங்கிப் போய்ச் சமையலறை ஜன்னலுக்கும் மேடைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தார். "இன்னாத்த மாமா அளக்குறீங்க?" என்று நசீமா கேட்டதற்கு, "குரங்க," என்றார். சலீம் கட்டிலில் கிடந்தபடி சிரித்துவிட்டார். அந்த அளவுக்கு மேல் ஒரு சாண் தள்ளி வலையை நிறுத்துவது என்று முடிவாயிற்று. தகரம் வீணாகவில்லை. காற்று தேவைப்படாதது பைப் மட்டும்தான், அதற்கு மாடியிலிருந்து சுவர் ஓட்டை வரைக்கும் உறை போட அந்த மூடிகளையே வெட்டினார். நான் பழைய கேஸை எடுத்துவிட்டு, யூனிட்டில் எழுதியிருந்த எடைக்கு நிறுத்து ஏற்றினேன். புதுக் கூண்டின் வெல்டிங் முடியும்வரை திறந்த யூனிட்டுக்குக் காவலாக, தெருவில் இருந்த ஒரு ஆட்டோக்காரர் குரங்கை விரட்டப் பட்டாசுக் கட்டோடு மாடியில் நின்றார்.

மாலையில் நசீமா மறுபடி அண்ணனைப் போனில் கூப்பிட்டார். "நாளைக்கு வேணாம். ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்றேன்," என்றார். முழு நம்பிக்கை வரவில்லை. வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்றிலிருந்து என் வரிசையில், ஃபில்டருக்கும் முன்னால், ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: நான் வர்றேன்னு என்னெல்லாம் மாத்தி வெச்சீங்க? குற்றம் சொல்வது போலக் கேட்காதீர்கள். நம் ஊர் வீடுகளில் வருகிறவர்களுக்காகக் கூட்டிப் பெருக்கி வைப்பார்கள், திரையை இழுத்துவிடுவார்கள், அறையில் அடைந்து கிடக்கும் பத்துப் பேரையும் வெளியே உட்கார வைப்பார்கள். எல்லாம் மரியாதைக்குத்தான். நமக்கு வேண்டியது யாரும் வராத நாளில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பது. மறுபடி எல்லாவற்றையும் பழையபடி வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மீட்டரை எடுங்கள்.

கத்திரி முடிவதற்குள் ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். சரியான உச்சி வெயில். போன் செய்யவில்லை.

நசீமா கதவைத் திறந்தபோது கையில் ஈரத்துணி இல்லை, பாதி உரித்த வெங்காயம் இருந்தது. சலீமின் தலையில் ஒரு கம்பளிக் குல்லா.

"மேடம், மூஞ்சியெல்லாம் ஐஸாயிடுச்சு. கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. ரிமோட்ட அத்தா சட்டைப் பாக்கெட்லயே வெச்சுக்கினு பட்டறைக்குப் போயிடறாரு."

"கொறைக்க மாட்டாரு," என்றார் நசீமா. "கேட்டாக்கா குல்லா போட்டுக்கடான்றாரு."

மாடிக்குப் போனேன். பெரிய கூண்டு, முன்னால் திறந்த வலை, நடுவில் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. கூண்டின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. எதுவும் எட்டவில்லை. கையை எடுத்து, கூண்டுக்கு வெளியே போகும் தகர உறை போட்ட பைப்பை நகத்தால் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

நான் வந்தது தெரிந்து காதர் பாய் மூச்சு வாங்கப் படி ஏறி வந்தார். மாடி முழுக்கத் தகரத் துண்டுகளும் குரங்கு தின்று போட்ட பழத்தோலும் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இன்னாம்மா நீ? ஒரு போன் பண்ணியிருந்தா கூட்டி வெச்சிருப்பேன்ல?"

"அதுக்குத்தான் பாய் பண்ணல," என்றேன்.